குல்மார்க்கில் பனி இருக்குமா?



ஜனவரியில் காஷ்மீர் போனால் குல்மார்க்கில் பனி பார்க்கலாமா என்று பழைய மாணவர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரோப் காரில் இரண்டு கட்டமாக ஏறினால் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை போகலாம். பனிச்சறுக்குக்கு உலகம் முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

2024 ஜனவரியில் ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலரோடு நானும் போயிருந்தேன். புல்வெளி முழுக்கப் பழுப்பு நிறம். பனி இல்லை. சறுக்குக் கட்டை இழுப்பவர் ஒருவர் தன் கட்டைமேலேயே உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். கூலி போனதைப் பற்றித்தான் வருந்துவார் என்று நினைத்தேன். அவரோ, "கூலி அடுத்த மாதம்கூடக் கிடைக்கும் சார். ஊரில் ஆப்பிள் மரம் இருக்கிறது. கோடையில் ஓடையில் தண்ணீர் வருமா என்பதுதான் கவலை" என்றார்.

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்த்து வளர்ந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அந்த மலைதான் அணை.

டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். கடுங்குளிர்க் காலம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் அப்போது பனியைக் கொண்டுவருகின்றன. அவை வலுவிழந்தாலோ வராமல் போனாலோ வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த நாற்பது நாளில் விழும் பனி இறுகி நிற்கும். வசந்தத்தில் மெல்ல உருகி ஓடைகளுக்கும் ஜீலம் நதிக்கும் தண்ணீர் தரும். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் விழுவது வெயிலுக்குச் சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டும் பனிதான், ஆனால் ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று ஆகாது.

அந்த ஆண்டு நாங்கள் திரும்பிய பிறகு ஜனவரி இறுதியில்தான் பனி விழத் தொடங்கியது. 2025இலும் பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் குல்மார்க்கில் பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன.

தாமதமாக வரும் பனியில் ஆபத்தும் உண்டு. நெடுநாள் வறண்டு கிடந்த பழைய பனி மணல்போல் உதிரியாகிவிடும். அதன்மேல் திடீரென்று கனத்த பனி விழுந்தால் பிடிப்பில்லாமல் சரியும். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க் பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார்.

ஆகவே பிள்ளைகளே, ஜனவரி என்ற பெயரை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். கிளம்பும் வாரத்தில் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அஃபர்வத்தில் சறுக்கப் போகிறவர்கள், மூடியிருக்கும் சரிவுகளுக்குள் போகவே கூடாது.

போன இடத்தில் பனி இல்லையென்றால் முகம் சுளித்துக்கொண்டு அன்றே இறங்கிவிடாதீர்கள். ஒரு கஹ்வா வாங்கிக் குடியுங்கள், குதிரைக்காரரோடு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.