கேட்டால்தான் கணக்கு வரும்

2019 ஏப்ரல் 16. வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது எங்கள் வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தல் ரத்தானது. காரணம் பண நடமாட்டம். பணத்தால் ஒரு மக்களவைத் தேர்தல் நின்றுபோனது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் 5-ல்தான் ஓட்டுப் போட்டோம். விரிஞ்சிபுரத்து டீக்கடையிலும் கோயில் வாசலிலும் பேசியவர்கள் கொடுக்க வந்தவர்களைத்தான் ஏசினார்கள். நீட்டிய கைகளைப் பற்றிப் பேச்சில்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஓட்டுக்குக் காசு வாங்கியவன், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்த வாயால் கேட்பான்?

ஓட்டு ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகும் விடாமல் கேட்கிறவர்கள் இருந்தால்தான் ஆட்சி நேராக நடக்கும். இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், பாலாறு இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆற்றிலும் வயலிலும் இறங்கியது. கிணறுகள் கெட்டன. தோல் தொழில் இங்கே பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதனாலேயே பலர் வாய் திறக்கத் தயங்கினார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தயங்கவில்லை. 1991-ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதையும் அது பதிவு செய்தது. இன்று சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற பிள்ளைகள் தவறாமல் படிக்கும் வழக்கு அது.

தீர்ப்போடு முடிந்ததா? 2001-ல் இழப்பீட்டைக் கணக்கிட்டு ஆணை வந்தது. இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 2025 ஜனவரி 30-ல். நடுவில் ஏறக்குறைய 24 வருஷம். கேட்டவர்கள் சோர்ந்திருந்தால் அந்தக் கோப்பை என்றோ மூடியிருப்பார்கள்.

கேட்பதற்கு ஆள் வேண்டும், இடமும் வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில்தான். ஐந்து வருஷம் தனி அலுவலர் நிர்வாகம். ஓட்டுக் கேட்டு வராதவரை நாம் கணக்குக் கேட்பது எப்படி? உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது ஊரின் வாயைக் கட்டுவதுதான்.

இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்தான் பெரும்பாலும் வந்து உட்காருகிறார்கள். செயலர் வரவு செலவை மளமளவென்று வாசிப்பார்; அது முடியும் முன்பே கையெழுத்து நோட்டு வரிசையில் வந்துகொண்டிருக்கும். தெருவிளக்கு, மோட்டார் பழுது, குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்த செலவு எல்லாம் அந்த வாசிப்பில்தான் ஓடிப்போகின்றன. படித்த பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறார்கள்.

தம்பி, தங்கச்சி, அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வரவு செலவை இன்னொரு முறை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத தொகையை நிறுத்திக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.