தலைமாட்டில் நிற்பவரின் தகுதி

அறுவைச் சிகிச்சை மேசையின் தலைமாடுதான் எங்கள் இடம். டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோவில் நான் சி.ஆர்.என்.ஏ., அதாவது மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர். முதல் நோயாளி வருமுன் இயந்திரத்தைச் சோதித்துவிடுவேன்: கசிவு இருக்கிறதா, மாற்று சிலிண்டரில் அழுத்தம் உண்டா, சக்ஷன் இழுக்கிறதா, லாரிஞ்சோஸ்கோப் விளக்கு எரிகிறதா. நேற்று நன்றாக ஓடியதே என்று விட்டுவிட முடியாது.

மயக்குவதற்கு முன் சில நிமிடங்கள் முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்புவோம். மயக்க மருந்தான ப்ரொப்போஃபால் ஏறி மூச்சு நின்றபின், மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தும்வரை நோயாளியைக் காப்பது அந்தக் கையிருப்புதான். குழாய் சரியான இடத்தில் இறங்கியதற்குச் சாட்சி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலை திரையில் மூச்சுக்கு மூச்சு எழுவது. உணவுக்குழாயில் இறங்கியிருந்தால் அந்த அலை நிலைக்காது. ஆனால் இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் விரல்நுனிக் கருவி அப்போதும் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கையிருப்பு கரைந்த பிறகே அந்த எண் சரியும். அதை மட்டும் நம்பினால் ஆபத்து.

பழைய சான்றிதழும் அந்த எண்ணைப் போலத்தான். என்றோ நிரப்பியதைச் சொல்லும். இன்றைய நிலையைச் சொல்லாது.

எங்களுக்குச் சான்றிதழ்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் செவிலியர் லைசென்ஸ், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு, அதன்பின் மயக்கவியல் படிப்பு; 2022 முதல் சேர்பவர்களுக்கு அது முனைவர் நிலைப் படிப்பு. தேசியத் தேர்வில் தேறியபின் மாநில வாரியத்தின் லைசென்ஸ். டெக்சஸில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

சிக்கல் எல்லையில் வருகிறது. எல் பாசோவிலிருந்து நியூ மெக்சிகோவின் லாஸ் க்ரூசஸுக்குக் காரில் முக்கால் மணி நேரம். மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தத்தால் டெக்சஸின் சாதாரணச் செவிலியர் லைசென்ஸ் அங்கேயும் செல்லும். மயக்க மருந்துக்கான லைசென்ஸ் செல்லாது; தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மேற்பார்வை விதியும் மாறுகிறது. மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்ற, மெடிகேர் எனும் அரசு மருத்துவக் காப்பீட்டின் விதியிலிருந்து மாநில ஆளுநர் விலக்குக் கோரலாம் என்று 2001இல் வழி பிறந்தது. நியூ மெக்சிகோ மறு ஆண்டே விலகியது, டெக்சஸ் விலகவில்லை. “மருந்தும் அதே, மூச்சுக்குழாயும் அதே, லைசென்ஸ் மட்டும் ஏன் வேறு?” என்று சக செவிலியர்கள் கேட்பது நியாயம்தான்.

மினசோட்டாவில் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களான மேயோ சகோதரர்களிடம் பணிபுரிந்த செவிலியர் ஆலிஸ் மகா, 14,000க்கும் மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்தும் மயக்க மருந்தால் ஓர் இறப்புகூட நேரவில்லை என்று 1906இல் எழுதினார். ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூச்சையும் நிறத்தையும் பார்த்தே செய்த காலம். இந்த லைசென்ஸ் எதுவும் அன்று இல்லை. ஆனாலும் தன் வேலையின் கணக்கை ஊரறிய வைத்தார். அவரிடம் நான் கற்பது அதைத்தான்.

எல்லைக்கு எல்லை கட்டும் கட்டணத்தைக் குறை சொல்வேன். திரும்பத் திரும்ப நிரூபிக்கச் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். மேசையில் படுத்திருப்பவரால் என்னைச் சோதிக்க முடியாது. அவர் சார்பில் யாராவது சோதித்தாக வேண்டும்.