வலியும் வலிமையும்

'வலி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை என்பதே பொருள். வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தது ஆற்றலை அறிவதற்கே. இன்றோ அச்சொல்லை நாம் நோவுக்கு வழங்குகிறோம். நோவும் ஆற்றலும் வெவ்வேறு கணக்குகள் என்பதை என் அக்காவின் கட்டைவிரல் எனக்குக் கற்பித்தது.

அக்காவுக்கு நாற்பது ஆண்டுகளாகத் தையலே தொழில். அறுபதைக் கடந்தபின் வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து புடைத்தது. கத்தரிக்கோல் பிடிப்பதும், பூட்டில் சாவியைத் திருப்புவதும் வேதனையாயின. மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் இது. குதிரைச் சேணம்போல் அமைந்த அம்மூட்டு பெருஞ்சுமை தாங்குவது. விரல் நுனியில் 1 கிலோ விசையோடு ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், அடியில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது.

பட்டையும் மாத்திரையும் ஊசியும் பயன்தராத நிலையில், மருத்துவர் அறுவைச் சிகிச்சையைக் கூறினார். விரலடியில் உள்ள சிறு மணிக்கட்டு எலும்பை அகற்றும் இம்முறையை இங்கிலாந்தின் கெர்விஸ் 1949இல் விவரித்தார். அந்த வெற்றிடத்தில் தசைநாணைச் சுருட்டி வைத்து விரலைத் தாங்கச் செய்யும் முறைகள் பின்னர் வந்தன. ஆயினும், எந்த முறையும் மற்றதைவிட மேலானது என்பதற்குப் போதிய சான்றில்லை என 2015இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறிற்று.

"எலும்பையே எடுத்துவிட்டால் விரல் எதன்மேல் நிற்கும், டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"தழும்புத் திசு வளர்ந்து தாங்கும், அம்மா. விரல் சற்றுக் குட்டையாகலாம். நோவு பெரும்பாலும் தணியும். பழைய பிடி முழுதும் திரும்பும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்."

சில வாரங்கள் மாவுக்கட்டு, பின்னர்ப் பயிற்சி. மூன்றாம் மாதத்தில்கூட ஒரு தம்ளரைத் தூக்கக் கை நடுங்கியது. "வீணாக அறுத்துக்கொண்டாயே" என்றனர் உறவினர். ஓராண்டு சென்றபின் நோவு அகன்றது. காஜா எடுக்கிறார், பட்டன் தைக்கிறார். ஆனால் தடித்த துணியை வெட்டவும் ஊறுகாய்ப் புட்டியின் இறுகிய மூடியைத் திறக்கவும் பிறரை அழைக்கிறார்.

"இது வெற்றியா, அக்கா?" என்றேன்.

"இராத்திரி தூங்குகிறேன், தம்பி. அதற்காகத்தானே அறுத்துக்கொண்டேன்?" என்றார்.

இச்சிகிச்சையை எண்ணிப் பார்ப்போர் மருத்துவரிடம் இரு கேள்விகளைத் தனித்தனியே கேட்பது நன்று: நோவு எவ்வளவு குறையும்? பிடி எவ்வளவு திரும்பும்? முதற்கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொள்பவர்களே பின்னர் ஏமாற்றம் அடைகின்றனர்.