எண்ணெய் குடிக்காத மரம்

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு விளக்குத் தோரணத்தில் மினுங்குகிறது. தேக்கா சந்தையில் கால் வைக்க இடமில்லை. டன்லப் தெருவில் எங்கள் கடைவீட்டு மாடியின் பின்பக்கம், திறந்த வெளியில் போட்ட பாலாவ் பலகைத் தளம் மூன்று வருஷத்தில் சாம்பல் பூத்துவிட்டது. விருந்தாளிகள் வருவதற்குள் பழைய தேன்நிறம் திரும்ப வேண்டும் என்று ஜாலான் புசார் பக்கம் போய் ஒரு டின் 'தேக்கு எண்ணெய்' வாங்கிவந்தேன். பெயரில்தான் தேக்கு. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோதான் உள்ளே இருக்கும், கூடவே கரைப்பானும் கொஞ்சம் வார்னிஷும்.

தாராளமாக இரண்டு கை பூசினேன். மிச்சத்தைத் தெருப்பக்கத்து ஜன்னல் சட்டங்களுக்கும் கொடுத்தேன். பளபளவென்று இருந்தது. மனசு நிறைந்துபோயிற்று.

அக்டோபர் 18, சனி

ஆறு நாளாகியும் காயவில்லை. தினமும் மத்தியானம் இடியும் மழையும். பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. சாம்பிராணிச் சாம்பல், தூசு, அம்மாவின் வெள்ளை முடி ஒன்று, எல்லாம் தளத்தில் பதிந்து கிடக்கின்றன. விருந்தாளிகளை முன் அறையிலேயே உட்காரவைக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாகப்பட்டினத்துத் தம்பி சாப்பிட வந்திருந்தான். இங்கே கட்டுமான வேலை, ஊரில் படகு கட்டும் குடும்பம். குனிந்து பலகையை நகத்தால் கீறினான். நகத்தில் மஞ்சள் பிசின் ஏறியது.

"அக்கா, இது எண்ணெய் குடிக்கிற மரமில்ல. உள்ள போகாதது மேலேயேதான் நிக்கும்."

ஊரில் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதைப் பற்றிச் சொன்னான். பூசியபின் வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குவார்களாம். "இங்க காய வெயிலே கிடைக்கலியே" என்றான்.

அவன் போனபின் உட்கார்ந்து படித்தேன். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் ஈரம் அப்படியே தங்கும். பாலாவ் இழை நெருக்கமான கனத்த மரம். குங்கிலியம் தரும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் எண்ணெய் இறங்குவது துளிதான். பூசிக் கால் மணி, அரை மணிக்குள் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்திருக்க வேண்டும். பூசிய அன்றைக்கே அம்மா சொன்னாள்: "தலைக்கு எண்ணெய் வச்சா ஊறவச்சு சீயக்காய் போட்டு எடுக்கணும்டி, அப்படியே விடுவாங்களா?" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது, நினைத்தால் உடம்பு பதறுகிறது. எண்ணெய் பூசிய கந்தல்களைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தேன். எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூடு குவியலுக்குள் அடைபட்டு, துணி தானாகவே தீப்பிடிக்கும். இந்த வரிசையே மர ஜன்னல் வீடுகள். பிரித்துக் காயப்போடுவது அல்லது தண்ணீரில் நனைத்து வைப்பது என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 8, சனி

ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குப் போனேன். 2008இல் திறந்தபோது அப்பாவோடு நடந்த பாலம். சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரம், 274 மீட்டர் நீளம், அலை அலையாகப் பாலாவ் பலகை. வெயில் படும் இடத்தில் வெள்ளி கலந்த சாம்பல் நிறம். என் தளத்தில் நான் மறைக்கப் பார்த்த அதே நிறம். இங்கே அதைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

வெயிலின் புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சும் செல்லுலோஸ் இழைதான் இந்தச் சாம்பல். மயிரிழை ஆழம்தான் போகும், பலகையின் உறுதிக்கு ஒன்றும் ஆகாது. நிறமில்லாத எண்ணெயால் அந்தக் கதிரைத் தடுக்கவும் முடியாது. நிறமி கலந்த எண்ணெய்தான் ஓரளவு தாங்கும், அதையும் திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

நவம்பர் 15, சனி

அம்மா வழுக்கினாள். நல்லவேளை, கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்து நாலு வயசு.

தளமெங்கும் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளி. பூஞ்சணம். ஓரத்தில் பச்சைப் பாசி. வருஷத்துக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. காற்றில் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டுக்கு மேல். இங்கே காயாத ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்குப் போட்ட சாப்பாடு. மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நானே பரிமாறியிருக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நாள் முழுக்கத் தேய்த்தேன். சோப்புத் தண்ணீர், கெட்டியான பிரஷ், பிசின் விடாத இடத்தில் கரைப்பான், பிறகு உப்புத்தாள். ஓடிய தண்ணீர் கடுந்தேநீர் நிறம். மரத்தின் டானின் அது, வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கிவிட்டது. ஜன்னல் சட்டத்தில் பழைய இரும்பாணிகளைச் சுற்றி மைபோலக் கறுப்பு வளையம். டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான். கையுறை போட்டுக்கொண்டு ஆக்சாலிக் அமிலம் தடவினேன். கண்ணெதிரே கறுப்பு வெளுத்து மரத்தின் நிறம் மேலே வந்தது. பெரிய நிம்மதி.

எங்கள் தெரு இருக்கும் லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியானது. தெருப்பக்கத்து ஜன்னலை நினைத்தபடி அலுமினியமாக மாற்றிவிட முடியாது. எனக்கு அந்த ஆசையும் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பத்து நாளாகச் சொட்டு மழையில்லை. ஆணிகளை மாற்றித் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டாயிற்று. பூசுவதற்குமுன் ஜன்னல் சட்டத்தில் விரலால் ஒரு துளி தண்ணீர் வைத்துப் பார்த்தேன். முதலில் முத்தாக நின்றது. பிறகு விளிம்பு மெல்லக் கரைந்து, இழையோடு நீண்டு, ஒரு நிமிஷத்தில் கறையாக உள்ளே போயிற்று. இப்போது குடிக்கும். பழுப்பு நிறமி கலந்த எண்ணெயை ஒரே கை மெல்லிசாகப் பூசி, இருபது நிமிஷத்தில் துடைத்தெடுத்தேன். மறுநாள் காலையில் கை வைத்தால் ஒட்டக்கூடாது.

தளத்துக்கு ஒன்றுமே பூசவில்லை. பாசி பிடிக்காமல் மாசத்துக்கு ஒருதரம் தேய்த்துக் கழுவுவது, பலகை இடுக்கில் சேரும் குப்பையைக் கிண்டி எடுப்பது, அவ்வளவுதான். இப்போதே வெள்ளிநிறம் வரத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் அம்மா வெறுங்காலோடு நடந்துபோய்க் கொடியிலிருந்து புடவையை எடுத்தாள். ஒரு கையாலும் கம்பியைப் பிடிக்கவில்லை.