பழி சுமந்த கோதுமை

முப்பது ஆண்டுகளாகப் பாடம் புகட்டிவரும் எனக்கு என் வயிறு ஒரு பாடம் புகட்டியது. காலையில் ரொட்டி சானாய் உண்டால் நண்பகலுக்குள் வயிறு உப்பும். வலியும் கழிச்சலும் தொடரும். சபைகூடலில் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விலகிச் சென்ற நாள்களும் உண்டு. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிலருக்குச் சீலியாக் நோய் வரும் என எங்கோ படித்திருந்தேன். அந்த அரைகுறை அறிவே போதுமானதாயிற்று. எனக்கு வந்திருப்பதும் அதுவே என்று தீர்ப்பெழுதிக் கோதுமையை வீட்டைவிட்டே விலக்கினேன்.

தொல்லை குறைந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. வெங்காயப் பச்சடியும் பருப்பும் நிறைந்த சோற்று விருந்துக்குப் பின்னும் அது தலைகாட்டியது. நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரு மாதங்கள் கழித்துச் சந்தித்த மருத்துவர், "அவசரப்பட்டுவிட்டீர்கள், ஐயா! சீலியாக் நோயில், குளூட்டன் உள்ளே சென்றால் உடலின் தற்காப்பாற்றலே சிறுகுடலைச் சிதைக்கிறது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். கோதுமையை நிறுத்தினால் அவை குறைந்து சோதனை பொய்த்துப்போகலாம்," என்றார். ஆறு வாரங்கள் நாள்தோறும் கோதுமை உண்ட பின்னரே இரத்தம் எடுத்தார். அந்நோய் எனக்கில்லை எனத் தெரிந்தது.

என்னை வருத்தியது ஃபிரக்டான் என்னும் சர்க்கரைத் தொடர். அது கோதுமையில் மட்டுமன்று, வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. அதைச் செரிக்கும் நொதி மனிதரிடம் இல்லை. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்வதால் வாயு பெருகுகிறது. பருப்பிலும் இதையொத்த சர்க்கரைகள் உள்ளன. இவை குடலைச் சிதைப்பதில்லை. எனினும் கூருணர்வுடைய குடலில் சீலியாக் நோயைப் போலவே வேடமிடுகின்றன.

நார்வே ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், சீலியாக் நோயின்றியே கோதுமையை விலக்கி வாழ்ந்த 59 பேர் பங்கேற்றனர். இன்னதெனக் கூறாமல் அளிக்கப்பட்ட தின்பண்டங்களுள், 24 பேருக்கு ஃபிரக்டான் கலந்ததும், 22 பேருக்கு இரண்டும் கலவாததும், 13 பேருக்கு மட்டுமே குளூட்டன் கலந்ததும் மிகுந்த தொல்லை தந்தன. அஞ்சும் மனமும் வயிற்றைக் கலக்கும் போலும்!

இதைப் படித்தபோது பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வகுப்பில் சீழ்க்கையொலி எழுந்தது. அத்திசையில் அமர்ந்திருந்த அவனைத் தண்டித்தேன். சீழ்க்கையடித்தவன் பக்கத்து மாணவன் என்று பின்னர் அறிந்தபோது, தண்டனை பெற்றவனின் குடும்பம் வேறூர் சென்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவேயில்லை.

நோயின் மூலத்தை ஆராய்ந்தறியுமாறு 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்தியதை ஆண்டுதோறும் விளக்கியவன் நான். ஆயினும் வகுப்பிலும் வயிற்றிலும் அதை மறந்தேன். இன்று வெங்காயத்தைக் குறைத்துக்கொண்டு, அளவாகச் சப்பாத்தி உண்கிறேன். கோதுமையுடன் சமாதானம் செய்துகொள்ள முடிந்தது, அம்மாணவனுடன்தான் முடியவில்லை.