பைக்குள் இரண்டு கைகள்

முதல் ரோலைக் கழுவி எடுத்தபோது, அம்மாச்சி திண்ணையில் மொச்சை உரிக்கும் படத்தின் மேல் பால் சிந்தியதுபோல ஒரு திட்டு. ரீலில் பிலிமின் இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒட்டிய இடத்துக்குள் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரும் போகவில்லை, மிச்ச வெள்ளி உப்பைக் கரைக்கும் ஹைப்போவும் போகவில்லை.

பிழை மருந்தில் இல்லை, என் கையில். 36 படச் சுருள் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். வெளிச்சம் புகாத பைக்குள் கைகளை விட்டு, கண்ணால் பாராமல் அதை ரீலின் பள்ளத்தில் ஏற்ற வேண்டும். மதுரை வெயிலில் இரண்டே நிமிடத்தில் உள்ளங்கை நனைந்துவிடும். ஈரம் பட்ட பிலிம் நகராது. பதறித் தள்ளினேன், பள்ளத்தை விட்டு விலகிவிட்டது.

பிறகு காலாவதியான ரோல் ஒன்றை வைத்துப் பத்து நாள் பழகினேன். முதலில் பார்த்துக்கொண்டே, அப்புறம் கண்ணை மூடி, கடைசியில் பைக்குள். ஒழுங்காக ஏறும் பிலிமுக்குச் சீரான ஒரு சரசரப்பு உண்டு. அது மாறினால் நிறுத்திக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிலிம் முனையின் இரு மூலைகளையும் கத்தரியால் மழுக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

அடுத்த பாடம் வெப்பம். எச்பி5 பிலிமுக்கு, ஐடி-11 டெவலப்பரைச் சரிபாதித் தண்ணீரில் கலந்தால், 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்டின் கணக்கு. எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரோ சித்திரையில் 30 டிகிரிக்குக் குறையாது. சூடு கூடினால் நேரம் குறைய வேண்டும். ரொம்பக் குறைந்தால் பிலிம் முழுக்க ஒரே சீராக மருந்து வேலை செய்யாது. ஐஸ்கட்டி போட்ட பேசினில் பாட்டில்களை நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். அதில் ஏறத்தாழ 9 நிமிடம். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுவது ஆபத்து. திடீர் சூட்டில் ஜெலட்டின் சுருங்கிப் படமெங்கும் வலைபோல் கோடு விழக்கூடும். அதனால் அலசும் தண்ணீரும் பேசினில்தான் காத்திருக்கும்.

ஹைப்போ பழசாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவேன். வெட்டிய பிலிம் துண்டை அதில் போட்டால் சாம்பல் பூச்சு கரைந்து கண்ணாடியாகும். அது ரொம்ப நேரம் இழுத்தால் ஹைப்போ பழசு. இல்லையென்றால், அதற்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு, ரோலை ஹைப்போவில் வைக்க வேண்டிய நேரம். வெள்ளி உப்பை ஹைப்போ கரைப்பதை ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டார். புகைப்படம் அதைப் பயன்படுத்த இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று.

இரண்டாவது ரோலுக்கு அம்மாச்சி மறுபடி திண்ணையில் உட்கார்ந்தார். குளியலறைக் கொடியில், கீழ்முனையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட நெகட்டிவில், அவர் நரைமுடி கருகருவென்றிருந்தது.