முப்பத்தெட்டு அங்குலத் தோள்

டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோ. செப்டம்பர். இரண்டு கார் நிற்கும் கராஜ். இரண்டு காரும் வெளியே வெயிலில் நிற்கின்றன.

கராஜ் தரையில் ஃபோம் பாய்கள். ஜிம்மில் தரையோடு தரையாக விரித்துவைப்பவை. சாம்பல் நிறம். ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டி, ஒன்றில் ஒன்று கோத்துக்கொள்ளும். தடிமன் 12 மில்லிமீட்டர். ஈவிஏ என்பார்கள், முழுப் பெயர் எத்திலீன் வினைல் அசிடேட். ஓட்டப் பயிற்சிக் காலணிகளின் அடியில் இருப்பதும் இந்தச் சரக்குதான். இந்த வீட்டில் யாரும் ஓடுவதில்லை.

சுவரில் ஒரு படம். ஹல்க்பஸ்டர். ஹல்க்குக்கு வெறி பிடித்தால் அடக்குவதற்காக, அயர்ன் மேன் தன் கவசத்தின் மேல் மாட்டிக்கொள்ளும் இன்னொரு கவசம். காமிக்ஸில் 1994இல் வந்தது. சினிமாவில் 2015இல். பையனுக்கு வயது ஏழு. ஹாலோவீனுக்கு என்ன வேஷம் என்று ஆகஸ்டில் கேட்டபோது அவன் சொன்னது ரோபோ. அட்டைப்பெட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட ரோபோ. அப்பாவின் லேப்டாப்பில் ஒரு வாரம் இருந்துவிட்டு அது ஹல்க்பஸ்டராக வெளியே வந்திருக்கிறது.

கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தாத்தா. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். தெருவில் நாயோடு நடப்பவர்கள் கை அசைக்கிறார்கள். அவரும் அசைக்கிறார். நாய்கள் மாறுகின்றன.

முதல் வேலை அளவு எடுப்பது.

பையன் நடுவில் நிற்கிறான். சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் ராப் வந்திருக்கிறது. தோளிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து தொடை வரை அப்பா சுற்றுகிறார். அதன் மேல் வெள்ளி நிற டக்ட் டேப். கிழிக்கிறார், ஒட்டுகிறார், தடவுகிறார். கிழிக்கிறார், ஒட்டுகிறார்.

"கையைத் தூக்கு."

தூக்குகிறான்.

"இறக்கு."

இறக்குகிறான்.

"அசையாதே."

"அப்பா, இட்ச்சி."

"எங்கே?"

"உள்ளே."

அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து, டேப்புக்கு மேலே மிஞ்சியிருக்கும் வாயில் தயிர்சாதம் ஊட்டிவிட்டுப் போகிறாள். டேப் தீரும்வரை நிற்கிறான். கடைசியில் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் முதுகில் இறங்குகிறது. பையன் வெளியே வருகிறான், ஓடுகிறான். கூடு அப்பாவின் கையில் இருக்கிறது.

கூட்டுக்குள் அமேசான் பெட்டிகளில் வந்த பழுப்புக் காகிதத்தைத் திணிக்கிறார். வெட்டிய இடத்தை ஒட்டுகிறார். ஒரு கம்பில் செருகி நிறுத்துகிறார். தலையில்லை, முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. மற்றபடி பையன்தான். இதற்கு அரிப்பதில்லை. இனி அளவு பார்க்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

பிரிண்டர் ஓடுகிறது. பெப்பகுரா என்று ஒரு ஜப்பானிய மென்பொருள். முப்பரிமாண உருவத்தைப் பிரித்துக் காகிதத் துண்டுகளாகப் படுக்கவைக்கும். துண்டுகளுக்கெல்லாம் எண். மார்பு மட்டும் பதினான்கு தாள். எல்லாம் வெட்டி ஒட்டிப் பார்த்தால் பொம்மைக்கு இறுக்கமாக இருக்கிறது. பிரிண்டரில் 'தாளுக்குப் பொருத்து' என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. டிக்கை எடுக்கிறார். பிரிண்டர் மறுபடி ஓடுகிறது. மறுநாள் மகளின் பள்ளிப் படிவம் வெளிர் ஊதாவில் வருகிறது.

வெட்டுவது கட்டரால். பிளேடு மொக்கையானால் ஃபோம் வெட்டுப்படாது, பிய்யும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை தீட்டுகிறார். நேரான ஓரத்துக்குக் கத்தி நிமிர்ந்து நிற்கிறது. மூலை மடங்க வேண்டிய இடத்தில் 45 டிகிரி சாய்கிறது. சொரசொரப்பான முகம் உள்ளே போக வேண்டும். இடது தோள் இரண்டு முறை வலது தோளாக வந்துவிடுகிறது. அவை மூலைக்குப் போகின்றன. மூலையில் ஏற்கெனவே ஒரு வலது தோள் கிடக்கிறது.

ஹீட் கன். சூடு பட்டதும் ஃபோமின் மேல்தோல் இறுகுகிறது. சின்னச் சின்னத் துளைகள் மூடிக்கொள்கின்றன. லேசாக ஒரு பளபளப்பு வருகிறது. அந்த நேரத்தில் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். அப்பா தொடைமேல் வைத்து வளைக்கிறார். ஆறும்வரை பிடித்திருக்கிறார். கைபேசி அடிக்கிறது. இரண்டு கையிலும் முழங்கால் கவசம். அடித்து ஓய்கிறது. மறுபடி அடிக்கிறது. அலுவலகம்.

பிறகு பசை. கான்டாக்ட் சிமென்ட். இரண்டு பக்கமும் தடவ வேண்டும். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. அப்போது சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்ந்ததுதான், அரை அங்குலம் தள்ளிப்போனாலும் தள்ளிப்போனதுதான். மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கும் முகத்தோடு அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"ஏம்பா, இன்னும் காயலையா?" தாத்தா.

"இன்னும் மூணு நிமிஷம்பா."

"எங்க ஊர்க் கூத்துல புஜக்கட்டை கல்யாண முருங்கையில செய்வாங்க. கனமே இருக்காது."

அப்பா தலையாட்டுகிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வாசனை வீட்டுக்குள் வருகிறது. அம்மா கதவை மூடுகிறாள். கதவுக்கடியில் துண்டை உருட்டி வைக்கிறாள். அப்பா கராஜ் கதவை முழுக்கத் திறந்து, இரண்டு வட்ட வடிகட்டிகள் வைத்த முகமூடியை மாட்டிக்கொள்கிறார். அதற்குப் பிறகு அவர் பேசுவது யாருக்கும் புரிவதில்லை. வேலை வேகமாக நடக்கிறது.

முதல் கை சூட்டுப் பசையில் ஒட்டியது. பெரிய பசை வரட்டும் என்று பொறுக்க முடியாத ஒரு சனிக்கிழமையில், க்ளூ கன் வைத்துச் சரசரவென்று. நண்பர் வீட்டில் காட்ட எடுத்துப்போய், திரும்பி வந்து, காரிலேயே மறந்துவிட்டது. டெக்ஸஸ் செப்டம்பர். அடுத்த நாள் மதியம் கதவைத் திறந்தால் பின் இருக்கையில் ஒன்பது துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இளகி உறைந்த பசை நூல். பையன் எட்டிப் பார்க்கிறான்.

"அப்பா, அது செத்துப்போச்சா?"

அன்று மாலை கான்டாக்ட் சிமென்ட்டில் பெரிய டப்பா வருகிறது.

அக்டோபர். ஃபோம் நேரடியாகப் பெயின்டை ஏற்காது, குடித்துவிடும். வளைந்தால் வெடிக்கும். அதனால் முதலில் ரப்பர் ஸ்ப்ரே, மூன்று கை. முழுக் கவசமும் ஒரே சாம்பல் நிறமாகப் பொம்மைமேல் நிற்கிறது.

"இது அயர்ன் மேன் இல்லை" என்கிறான் பையன்.

"அயர்ன் மேன் 1963ல முதல்ல வந்தப்போ சாம்பல் கலர்தாண்டா. அப்புறம் தங்கக் கலர். அந்த வருஷக் கடைசியிலதான் சிவப்பும் மஞ்சளும்."

பையன் சாம்பல் கவசத்தைச் சுற்றி வருகிறான். "நமக்கு எந்த வருஷம்?"

சிவப்பு ஏறுகிறது. பொன் நிறம் ஏறுகிறது. நெஞ்சில், தட்டினால் எரியும் ஒரு சின்னப் பேட்டரி விளக்கு. டாலர் கடையில் வாங்கியது. விலை ஒன்றேகால் டாலர். அதைச் சுற்றி நாற்பது டாலர் பெயின்ட். ஹெல்மெட்டுக்குள் மூச்சில் கண்ணாடி மூடாமலிருக்க, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன விசிறி. ஒயர் கழுத்து வழியாக முதுகிலிருக்கும் பவர் பேங்குக்குப் போகிறது.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா கறுப்புப் பெயின்டில் தண்ணீர் கலக்கிறார். சந்துகளில் தடவுகிறார். துணியால் துடைக்கிறார். ஓரங்களில் காய்ந்த பிரஷ்ஷால் வெள்ளி இழுக்கிறார். சோல்டரிங் கம்பியால் தோளில் இரண்டு கீறல்.

தாத்தா நாற்காலியிலிருந்து பார்க்கிறார். "புதுசா செஞ்சதை ஏம்பா அழுக்காக்குறே?"

"சண்டை போட்ட மாதிரி இருக்கணும்பா."

"யாரோட?"

பிரஷ் ஒரு நொடி நிற்கிறது. பிறகு இன்னொரு கீறல்.

ஒத்திகை. பையனை மேசைமேல் ஏற்றுகிறார்கள். அடியில் 4 அங்குல ஃபோம் வைத்த பூட்ஸ். பிறகு கால், தொடை, இடுப்பு, மார்பு, முதுகு. பக்கிள் பக்கிளாக. தோள்கள் கடைசி. கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவுக்கு நடக்கிறான். நிற்கிறான். தோளுக்குத் தோள் 38 அங்குலம். கதவு 32.

பக்கவாட்டில் திரும்புகிறான். மார்பு இடிக்கிறது.

அம்மா கதவுக்கு அந்தப் பக்கம். "ஏங்க, இவனுக்குப் பாத்ரூம் வந்தா?"

"வராது. போயிட்டுத்தானே போடப்போறோம்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விசிறிச் சத்தத்தோடு ஒரு குரல். "அப்பா. வருது."

பக்கிள் பக்கிளாக. தோள்கள் முதல்.

அன்றிரவு இடுப்புக் கவசத்தின் முன்பக்கம் வெட்டப்படுகிறது. வெல்க்ரோ வைத்த ஒரு மூடி வருகிறது. அப்பா அதை மூன்று விதக் கோணத்தில் படமெடுத்து யாருக்கோ அனுப்புகிறார். மூன்று கட்டைவிரல்கள் பதிலாக வருகின்றன.

அக்டோபர் 31. மாலை ஆறரை. வாசல் விளக்கு எரியும் வீடுகளில் மிட்டாய் உண்டு; அணைந்த வீடுகளில் இல்லை. இங்கே இதுதான் வழக்கம். அக்கா சூனியக்காரி. உடை ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது, போட்டுக்கொள்ள ஒரு நிமிஷம். தொப்பி வளைந்திருக்கிறது. அவள் நேராக்கவில்லை.

பையன் தெருவில் இறங்குகிறான். பார்ப்பவர்கள் நிற்கிறார்கள். ஒரு குட்டி டைனோசர் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிகிறது.

முதல் வீடு. கதவு திறக்கிறது. ஒரு பெண்மணி இரண்டு கையையும் கன்னத்தில் வைக்கிறார். உள்ளே கூப்பிடுகிறார். கணவர் வருகிறார். கைபேசி வருகிறது.

"கையைத் தூக்கு" என்கிறார் அந்தக் கணவர், ஆங்கிலத்தில்.

தூக்குகிறான்.

"அசையாதே."

அசையவில்லை.

மிட்டாய்க் கிண்ணம் நீள்கிறது. கவசக் கையின் ஒவ்வொரு விரலும் வாழைக்காய்த் தடிமன். கிண்ணத்துக்குள் இரண்டு விரல் போகிறது, மிட்டாய் வரவில்லை. மறுபடி போகிறது. அக்கா கைவிட்டு எடுத்து அவன் வாளியில் ஒன்றும் தன் பையில் இரண்டும் போடுகிறாள். ஹெல்மெட்டில் பக்கவாட்டுப் பார்வை கிடையாது.

இரண்டாவது வீட்டில் வரிசை. மூன்றாவதில் படம் எடுக்கவே ஒரு வரிசை. அதற்குள் அக்கா எதிர்ச் சாரி முழுவதும் முடித்துவிட்டு வருகிறாள். அப்பா நடைபாதை ஓரத்தில் நிற்கிறார். தோளில் ஒரு பை. அதில் பசை, டேப், உபரிப் பக்கிள், ஸ்க்ரூ டிரைவர், தண்ணீர். ஹெல்மெட்டில் இரண்டு முறை தட்டினால் "நட". மூன்று முறை தட்டினால் "நில்".

நான்காவது வீட்டு வாசலில் இன்னோர் அப்பா. அவருடைய பெண் அட்டையில் செய்த விண்கலம். அவர் குனிந்து பையனின் முழங்கையைப் புரட்டிப் பார்க்கிறார். இணைப்பைக் கட்டைவிரலால் அமுக்குகிறார்.

"என்ன பசை?"

அப்பா சொல்கிறார். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கை ரப்பர், கத்தி எங்கே தீட்டுவது. பேச்சு நீள்கிறது. நடுவில் கவசம் நிற்கிறது. நெஞ்சு விளக்கு எரிகிறது. விண்கலம் வாளியிலிருந்து ஒரு மிட்டாயைப் பிரித்து, ஹெல்மெட்டின் தாடைச் சந்து வழியாக உள்ளே தள்ளுகிறது. உள்ளே மெல்லும் சத்தம். இன்னொன்று பிரிக்கப்படுகிறது.

நவம்பர் முதல் ஞாயிறு. கவசம் பொம்மைமேல். கார்கள் வெளியே. ஒன்றின் கண்ணாடியில் ஒரு தாள் செருகியிருக்கிறது: கார்களைத் தெருவில் தொடர்ந்து நிறுத்துவது குடியிருப்பு விதிகளுக்குப் புறம்பானது.

அப்பா பரண் ஏணியை இறக்கி, திறப்பை அளக்கிறார். 22 அங்குலம். மார்பை அளக்கிறார். மறுபடி திறப்பை அளக்கிறார்.

"இதை எங்கே வைக்கிறதா உத்தேசம்?" என்கிறாள் அம்மா.

கைபேசி சிணுங்குகிறது. தமிழ்ப் பள்ளியின் வாட்ஸாப் குழு. குழந்தைகள் தின விழா, மாறுவேடப் போட்டி, தலைப்பு: தமிழக வரலாற்று நாயகர்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளி.

அப்பா செய்தியைப் படிக்கிறார். கவசத்தைப் பார்க்கிறார். அலமாரியிலிருந்து பொன் நிற ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் குலுக்குகிறார். உள்ளே குண்டு உருள்கிறது. பாதி இருக்கிறது.

"கண்ணா, இங்கே வா. இப்ப நீ ராஜராஜ சோழன்."

"ஹூ?"

"பெரிய ராஜா. தஞ்சாவூர்ல பெரிய கோயில் கட்டினவர். 1010ல."

"அவர்கிட்ட இந்த ஹெல்மெட் இருந்துச்சா?"

அப்பா கைபேசியில் தட்டச்சுகிறார். ஒரு சிலை. இன்னொரு சிலை, வேறு முகம். 1973ஆம் ஆண்டுப் படத்தில் சிவாஜி. பெரிதாக்குகிறார். சுருக்குகிறார்.

பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசுகிறது. தாத்தா அதை இழுத்துக்கொண்டு வேலை மேசைக்கு வந்துவிட்டார்.

"கிரீடம் வைக்கணும். நான் சொல்றேன். பாய் எத்தனை மிச்சம்?"

"ரெண்டு இருக்குப்பா."

"அந்தப் பேனாவைக் குடு."

மார்க்கர் பாய்மேல் வளைகிறது. அடியில் அகலம், மேலே கூம்பு, இரண்டு பக்கமும் இறக்கை. கோடு கோணாமல் போகிறது. பையன் மேசை விளிம்பில் தாடையை வைத்துப் பார்க்கிறான்.

"உயரம்?" என்கிறார் அப்பா. டேப் கையில் இருக்கிறது.

"ரெண்டு முழம்."

அப்பா சுவரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். பள்ளி அரங்கத்துக் கதவு 80 அங்குலம் இருக்கும். பையன் 48. பூட்ஸ் 4. கிரீடம் 36.

"நிலையில இடிக்கும்பா."

"குனிஞ்சு வரட்டும்."